விடியற்காலைச் சுருட்டும் அதன் மாற்றும்

ஆங்கில அகராதிகளில் 'செரூட்' என்றொரு சொல் உண்டு. இரு முனைகளும் வெட்டித் திறந்துவிடப்பட்ட புகையிலைச் சுருளை அது குறிக்கும். அச்சொல்லின் வேர் தமிழ்ச் சொல்லாகிய 'சுருட்டு' என்பதே என்று சொல்லாராய்ச்சியாளர் காட்டுவர். புகையிலையோ தமிழ் மண்ணுக்குரிய செடியன்று. அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிப் போர்ச்சுகீசியரின் கப்பல்களில் இந்தியக் கரை சேர்ந்தது அது. பொருள் வெளியிலிருந்து வந்தது; அதன் ஒரு வடிவத்துக்குரிய பெயர் இங்கிருந்து சென்றது. வந்த செடிக்குத் தமிழர் 'புகையிலை' எனத் தம் சொல்லாலேயே பெயரிட்டனர். சீனிச்சர்க்கரைப் புலவர் புகையிலையையே தூதாக விடுத்து ஒரு சிற்றிலக்கியம் பாடினார். 'புகையிலை விடு தூது' என்னும் அந்நூலை உ. வே. சாமிநாதையர் பதிப்பித்தார். அன்னமும் கிளியும் தென்றலும் நின்ற இடத்தில் ஓர் அயல்நாட்டு இலை வந்து நின்றதென்றால், அது மக்கள் வாழ்வில் எத்துணை ஆழமாக வேரூன்றியிருந்தது என்பது விளங்கும்.

இவ்வாறு வேரூன்றிய ஒரு பொருள் கடையிலிருந்து மறையும்போது என்ன நேர்கிறது? நாள்தோறும் விடியலில் பற்றவைத்த சுருட்டு இனிக் கிடையாது என்ற நிலையில் மாற்று எங்கிருந்து வருகிறது? இவ்வினா சிறியது போலத் தோன்றும். ஆயினும் இதன் விடையைத் தேடிச் செல்வோர் திண்டுக்கல்லின் வயல்களையும், உறையூரின் பட்டறைகளையும், யாழ்ப்பாணத்துத் தோட்டங்களையும், பகாங்கின் தேயிலை மலைகளையும் கடந்தே ஆகவேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் 'திருச்சினாப்பள்ளிச் சுருட்டு' உலகறிந்த பண்டமாக விளங்கியது. ஆர்தர் கோனன் டாயில் 1887-இல் வெளியிட்ட முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையில், தரையில் சிந்திக் கிடந்த சாம்பலைக் கண்டே அது திருச்சினாப்பள்ளிச் சுருட்டின் சாம்பல் எனத் துப்பறிவாளர் உரைக்கிறார். இலண்டன் வாசகர்க்கு அப்பெயரை விளக்க வேண்டிய தேவை ஆசிரியருக்கு இருக்கவில்லை. பிரிட்டனின் தலைமை அமைச்சராயிருந்த வின்ஸ்டன் சர்ச்சிலும் அச்சுருட்டை விரும்பினார் என்ற செய்தி திருச்சி வட்டாரத்தில் பெருமையோடு வழங்கி வருகிறது.

பெயர் திருச்சியினுடையதாயினும் இலை பெரும்பாலும் திண்டுக்கல் பகுதியினுடையது. அங்குள்ள செம்மண்ணும் கிணற்று நீரும் அவ்விலைக்கு ஒரு தனித்தன்மையை அளித்தன. 'ஊசிக்கப்பல்' என்பது அங்கே பயிரான வகைகளுள் ஒன்றின் பெயர். சென்னையின் புகழ்பெற்ற ஸ்பென்சர் நிறுவனமும் திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. இலையைப் பறித்து உலர்த்தியதும் பணி முடிவதில்லை. அதை அடுக்கிப் புழுங்கவைத்து, அடுக்கைக் கலைத்து மீண்டும் அடுக்கிப் பதப்படுத்துவர். பின்னரே அது உறையூர்ப் பட்டறைகளுக்குச் சென்றது. அங்கே உள்ளே வைக்கும் இலை ஒன்று, அதைப் பிணைக்கும் இலை மற்றொன்று, மேலே போர்த்தும் மெல்லிலை வேறொன்று எனத் தேர்ந்து, கைவிரல்களின் அழுத்தத்தாலேயே சுருட்டை உருவாக்கினர். விரல் சற்று இறுகினால் புகை வராது; சற்று நெகிழ்ந்தால் சுருட்டு விரைந்து எரிந்துவிடும். இந்த அளவை எந்த ஏட்டிலும் எழுதிவைக்க இயலாது. தந்தையின் அருகிலும் தாயின் அருகிலும் அமர்ந்து கைகள் கற்ற கல்வி அது.

பாக்கு நீரிணைக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் வேறொரு மரபு வளர்ந்தது. அங்கே இலைகளைக் குடிலில் கட்டித் தேங்காய் மட்டைப் புகையில் பதமாக்கினர். 'கோடா' எனப்படும் இனிப்புச் சேர்ந்த சாற்றைத் தெளித்து மணமேற்றினர். ஆகவே திருச்சிச் சுருட்டும் யாழ்ப்பாணச் சுருட்டும் பெயரளவில் ஓரினமாயினும், சுவையளவில் இரு வேறு மொழிகள் போன்றவை.

இவ்விரு சுவைகளும் கடல் கடந்து மலாயாவில் சந்தித்தன. 1907-இல் ஏற்பட்ட தமிழ்க் குடியேற்ற நிதியின் துணையால் தென்னிந்தியத் தொழிலாளர் பெருந்தொகையினராக இந்நாட்டுத் தோட்டங்களுக்கு வந்தனர். யாழ்ப்பாணத்தாரோ இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் பணியேற்றனர். 1926 முதல் 'ரஜூலா' போன்ற கப்பல்கள் சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்குமிடையே ஓடின. அக்கப்பல்களில் மனிதரோடு புளியும் மிளகாயும் வெற்றிலைக் கூட்டுப் பொருள்களும் புகையிலையும் வந்தன.

பகாங் மாநிலத்தின் ரிங்லெட், தாப்பா வழியாகக் கேமரன் மலைக்கு ஏறுவோர் முதலில் காணும் ஊராகும். 1885-இல் வில்லியம் கேமரன் அளந்து சென்ற இம்மலைப் பகுதியில், 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை வெட்டிச் சரிவுகளில் தேயிலை நட்டவருள் தமிழர் கைகள் பல. கடல் மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கும் மேலான அவ்வுயரத்தில் விடியற்காலம் என்பது குளிரும் பனிமூட்டமும் கலந்த பொழுது. பெரட்டுக்குப் பெயர் கொடுக்கச் செல்லுமுன் ஒரு மிடறு சூடான தேநீரும், சிலருக்கு ஒரு சுருட்டும் அப்பொழுதின் துணைகள். ஆடவர் மட்டுமன்றித் தோட்டப்புறத்து முதிய பெண்டிரும் சுருட்டுப் புகைத்த காலம் அது.

விடியற்காலைச் சுருட்டுக்கு மாற்றுக் காண்பது ஏன் அரிது என்பதற்கு உடலியல் விடை கூறுகிறது. குருதியில் கலந்த நிக்கோட்டின் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கொருமுறை பாதியாகக் குறையும். இரவு முழுதும் உறங்கி எழுந்தவர் உடலில் அது மிகவும் குன்றியிருக்கும். நாவும் தூய்மையாக இருக்கும். எனவே நாளின் முதற்புகையே மிகக் கூர்மையாக உணரப்படுகிறது. அதில் நேரும் சிறு வேறுபாட்டையும் பழகிய நாக்கு உடனே கண்டுகொள்ளும். மாலைச் சுருட்டில் பொறுத்துக்கொள்ளக்கூடிய மாற்றத்தைக் காலைச் சுருட்டில் பொறுக்க இயலாமை இதனாலேயே.

மலாயாவில் இம்மாற்றம் விருப்பத்தால் வரவில்லை, போரால் வந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை இந்நாட்டில் இறங்கியது. 1945 வரை இந்தியாவோடும் இலங்கையோடும் இருந்த கடல் வாணிகம் அறுந்தது. அரிசிக்கே பஞ்சம் நேர்ந்து மரவள்ளிக் கிழங்கு உணவான காலத்தில் சுருட்டைப் பற்றிக் கவலைப்படுதல் சிறுமையாகத் தோன்றலாம். சயாம் – பர்மா மரண இரயில் பாதைக்குத் தமிழர் ஆயிரமாயிரமாய் இழுத்துச் செல்லப்பட்ட காலமும் அதுவே. ஆயினும் பழக்கம் பஞ்சத்தைப் பார்த்து நிற்பதில்லை. இந்நாட்டு மலாய் மக்கள் நீப்பா ஓலையில் உள்ளூர்ப் புகையிலையைச் சுருட்டிப் புகைக்கும் 'ரோக்கோ டாவுன்' என்னும் வழக்கம் முன்பே இருந்தது. கப்பல் நின்றபின் மண்ணில் கிடைத்த மாற்று அத்தகையதே. அது சுருட்டாகாது, சுருட்டின் நினைவுக்குத் துணையாகலாம்.

போர் முடிந்து கப்பல்கள் மீண்டும் ஓடின. ஆனால் பழைய சுருட்டு தன் பழைய இடத்தை முழுதும் பெறவில்லை. அதற்குள் சிகரெட் அவ்விடத்தில் அமர்ந்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பான்சாக் கண்டுபிடித்த இயந்திரம் பத்து மணி நேரத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சிகரெட்டுகளைச் சுருட்டவல்லதாயிருந்தது. 1910-இல் இம்பீரியல் புகையிலை நிறுவனம் கல்கத்தாவில் நிறுவப்பட்டது. மலிவு நாடியவர்க்குப் பீடி வந்தது. நாகரிகம் நாடியவர்க்குச் சிகரெட் வந்தது. சுருட்டு முதியோரின் பொருளாயிற்று.

இம்மாற்றத்தில் பலரும் கவனியாத நுட்பம் ஒன்றுண்டு. சுருட்டின் புகை காரத்தன்மையுடையது; அதிலுள்ள நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே குருதியில் கலக்கும். சிகரெட்டுக்குரிய, சூடேற்றிப் பதப்படுத்திய இலையின் புகையோ அமிலத்தன்மையுடையது. அதை நுரையீரல் வரை இழுத்தாலன்றி நிறைவு கிடையாது. சுருட்டை விட்டுச் சிகரெட்டுக்கு மாறியவர் பொருளை மட்டும் மாற்றவில்லை. மூச்சிழுக்கும் முறையையே மாற்றினார். சுருட்டு வாயையும் தொண்டையையும் புற்றுக்கு உள்ளாக்கியது. சிகரெட் நுரையீரலைத் தேடிச் சென்றது. 1950-இல் டாலும் ஹில்லும் பிரிட்டனில் நடத்திய ஆய்வும், 1964-இல் அமெரிக்கத் தலைமை மருத்துவர் வெளியிட்ட அறிக்கையும் இவ்வுண்மையை உலகறியச் செய்தன. மென்மையானது எனக் கருதித் தேர்ந்த மாற்று, முன்னதினும் கொடியதாக முடிந்தது.

மாற்றுத் தேடும் இத்துன்பம் ஏழைத் தொழிலாளிக்கு மட்டும் உரியதன்று. 1962 பிப்ரவரியில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி கியூபாவுடனான வாணிகத்தைத் தடைசெய்தார். அதற்கு முன் தம் செய்திச் செயலர் பியர் சாலிஞ்சரை ஏவித் தமக்கு விருப்பமான கியூபாச் சுருட்டுகளைத் திரட்டச் செய்தார் என்றும், ஆயிரத்து இருநூறு சுருட்டுகள் கைக்கு வந்த பின்னரே ஆணையில் ஒப்பமிட்டார் என்றும் சாலிஞ்சரே பின்னாளில் எழுதினார். ஆயிரத்து இருநூறும் ஒருநாள் தீர்ந்தே போகும். கியூபாவை விட்டு வெளியேறிய பயிராளர் டொமினிக்கன் குடியரசு, ஹோண்டுராஸ், நிக்கராகுவா ஆகிய நாடுகளில் கியூப விதையை ஊன்றினர். நல்ல சுருட்டுகள் பிறந்தன. எனினும் விதை பயணம் செய்யும். மண் பயணம் செய்யாது. திண்டுக்கல் இலைக்கும் இவ்விதி பொருந்தும். ரிங்லெட்டின் தேயிலைக்கும் பொருந்தும்.

மாற்றுத் தேடியவர் புகைத்தவர் மட்டுமல்லர் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் தலையாய செய்தி. யாழ்ப்பாணத்து உழவர் ஒல்லாந்தர் காலந்தொட்டு மெல்லும் புகையிலையைத் திருவிதாங்கூருக்கு அனுப்பி வந்தனர். 'மலையாளப் புகையிலை' என்றே அதற்குப் பெயர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அச்சந்தை சுருங்கியது. கேரளத்து வாய்கள் வேறு புகையிலையைத் தேர்ந்தன. யாழ்ப்பாணத்து வயல்கள் வேறு வாய்களைத் தேட வேண்டியதாயிற்று. உழவர் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். சுருட்டுக்குரிய இலையைப் பயிரிட்டுத் தென்னிலங்கைச் சிங்கள ஊர்களின் சந்தையைப் பற்றினர். பிற்காலத்தில் உள்நாட்டுப் போர் பாதைகளை அடைத்தபோது அச்சந்தையும் தளர்ந்தது. மலேசியாவில் கிளாந்தான் மாநிலத்துப் புகையிலை உழவர்க்கும் இத்தகைய நிலை நேர்ந்தது. 1973-இல் அமைந்த தேசியப் புகையிலை வாரியம், 2010-இல் தேசியக் கெனாஃப், புகையிலை வாரியமாக மாறியது. புகையிலைக்கு மாற்றாக நார்ப்பயிரை நடுமாறு உழவர் ஊக்குவிக்கப்பட்டனர்.

ஆக, ஒரு சுருட்டு மறையும்போது மூவர் மாற்றுத் தேடுகின்றனர். புகைத்தவர்க்கு அடுத்த கடையிலேயே மாற்றுக் கிடைத்துவிடுகிறது. பயிரிட்டவர் சில ஆண்டுகள் அல்லலுற்று வேறு பயிரைக் கண்டறிகிறார். சுருட்டியவர்க்கோ மாற்று எளிதில் கிடைப்பதில்லை. நாற்பது ஆண்டு பழகிய விரலுக்கு வேறு தொழில் ஏது? உறையூரில் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது மறைந்தது ஒரு பண்டம் மட்டுமன்று. கைகளில் மட்டுமே வாழ்ந்த ஓர் அறிவும் உடன் மறைந்தது. சுருட்டின் புகழைக் கூறும் நூல்கள் சர்ச்சிலையும் ஷெர்லக் ஹோம்ஸையும் மறவாமல் குறிக்கின்றன. அதைச் சுருட்டிய ஒருவரின் பெயரையேனும் குறிப்பவை மிக அரிய.

புகையிலையை மீண்டும் போற்ற வேண்டும் என்பது இதன் பொருளன்று. அது உயிர்க்கொல்லி என்பதில் ஐயமில்லை. மலேசியாவில் 2024 அக்டோபர் 1 முதல் புகைப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது நலம் பயக்கும் செயலே. காலைச் சுருட்டுக்கு நல்ல மாற்று, சுருட்டில்லாத காலையே. ஆனால் தீயதாயினும் ஒரு பண்டத்தைச் செய்து வாழ்ந்த மக்களின் உழைப்பு தீயதன்று. திருச்சிச் சுருட்டின் கதையை மாணவர்க்கு எடுத்துரைக்கும் ஆசிரியர், 'செரூட்' என்ற சொல்லின் தமிழ் வேரைக் காட்டுவதோடு அமையாது, அச்சொல்லை உலகெங்கும் ஏற்றி அனுப்பிய கைகளையும் காட்டுதல் வேண்டும். ரிங்லெட்டின் சரிவுகளில் பனியோடு பனியாய் நின்று கொழுந்து பறித்தோரின் வரலாறும் அவ்வாறு எழுதப்பட வேண்டியதே. தேநீரின் சுவையை எழுதுவோர் என்றும் உளர். பறித்த விரல்களை எழுதுவோரே இன்று தேவைப்படுகின்றனர்.