அமெரிக்கரின் நன்றியறிதல் நாள்: கதையும் வரலாறும்

ஐக்கிய அமெரிக்காவிலே நவம்பர்த் திங்களின் நான்காம் வியாழக்கிழமையன்று அரசினர் அலுவலகங்களும் வங்கிகளும் கல்விக்கூடங்களும் மூடப்படும். தொலைவிற் பணிபுரியும் மக்கள் பெற்றோர் இல்லம் நாடி நெடுவழி செல்வர். குடும்பத்தார் அனைவரும் ஒரே மேசையைச் சூழ்ந்திருந்து, வயிற்றினுள்ளே பாண் துண்டுகளும் வாசனைத் தழைகளும் அடைத்துச் சுட்ட வான்கோழியையும், கிரான்பெரி என்னும் புளிப்புக் கனியின் குழம்பையும், பூசணியாற் செய்த இனிப்பையும் உண்பர். இதுவே நன்றியறிதல் நாள். இது கிறித்துவின் வாழ்வோடு தொடர்புற்ற திருநாளன்று. அரசியற் புரட்சியொன்றின் நினைவுமன்று. ஆதலின், இதன் பொருளை வினவும் பிறநாட்டார்க்கு அமெரிக்கர் ஒரு கதையையே விடையாகக் கூறுவர்.

கதை சிறியது. சமயக் கொள்கை காரணமாக இங்கிலாந்துத் திருச்சபையினின்றும் பிரிந்தோரும் அவரோடு சேர்ந்தோருமாக நூற்றிருவர், 1620ஆம் ஆண்டிலே 'மேபிளவர்' என்னுங் கப்பலில் அத்திலாந்திக் கடலைக் கடந்து, இன்றைய மசச்சூசெற்ஸ் கரையிலே பிளிமத் என்னுங் குடியேற்றத்தை நிறுவினர். முதற் பனிக்காலத்தில் அவருட் செம்பாதியினர் நோயாலும் பசியாலும் மாண்டனர். அந்நாட்டுப் பழங்குடிகள் எஞ்சியோர்க்குச் சோளம் பயிரிடக் கற்பித்தனர். 1621இல் விளைவு நன்றாயிற்று. குடியேறியோர் பழங்குடிகளை விருந்துக்கு அழைத்து இறைவனுக்கு நன்றி கூறினர். அவ்விருந்தே இன்றும் ஆண்டுதோறும் நிகழ்கின்றது என்பர்.

இக்கதை முழுப்பொய்யன்று. அவ்விருந்தைக் கண்ணாற் கண்டு எழுதியவர் எட்வேட் வின்சிலோ என்பார். 1621 டிசெம்பரில் அவர் இங்கிலாந்திலுள்ள நண்பருக்கு வரைந்த கடிதம் மறுவருடம் இலண்டனில் அச்சாயிற்று. விருந்தைப் பற்றி அதிலுள்ளவை சில வாக்கியங்களே. ஆளுநர் நால்வரைப் பறவை வேட்டைக்கு அனுப்பினார். குடியேறியோர் துப்பாக்கிப் பயிற்சி செய்து மகிழ்ந்தனர். வம்பனோவாக் மக்களின் தலைவரான மசசோயிற் ஏறத்தாழத் தொண்ணூறு பேரோடு வந்து மூன்று நாள் விருந்துண்டார். அவர்கள் ஐந்து மான்களை வேட்டையாடிக் கொணர்ந்தனர். அவர்கள் அழைக்கப்பட்டு வந்தனரா என்பதை வின்சிலோ கூறவில்லை. உயிரோடு எஞ்சிய குடியேறிகள் ஐம்பதின்மர் அளவினரே. எனவே விருந்தினர் தொகை விருந்திட்டோர் தொகையினும் மிக்கிருந்தது. நன்றியறிதல் நாள் என்னும் பெயரோ அக்கடிதத்தில் இல்லை.

உணவைப் பற்றியும் ஒரு சொல் கூறலாம். வின்சிலோ பறவைகள் என்றாரேயன்றி வான்கோழி என்றாரல்லர். அக்குடியேற்றத்தில் அக்காலத்துக் கோதுமை மா இல்லை, சர்க்கரையும் அரிதாயிருந்தது. ஆகவே இன்றைய பூசணி இனிப்பும் கிரான்பெரிக் குழம்பும் அன்று இருந்திருத்தல் இயலாது. உருளைக்கிழங்கு அப்பகுதிக்கு இன்னும் வந்திலது. ஐயமின்றி இருந்தது மான் இறைச்சியே. அதுவோ இன்று அம்மேசையிற் பெரும்பாலும் காணப்படுவதில்லை!

சோளம் பயிரிடக் கற்பித்தவர் வரலாறு விருந்தினும் நினைக்கத்தக்கது. திஸ்குவாண்டம் என்னும் அம்மனிதர் 1614இல் ஆங்கிலக் கப்பலோட்டியொருவனாற் கவரப்பட்டு ஸ்பானியாவில் அடிமையாக விற்கப்பட்டார். அங்கிருந்து இலண்டன் சேர்ந்து ஆங்கிலம் பயின்றார். 1619இல் தம் ஊராகிய பட்டுக்செற்றுக்கு மீண்டார். ஊர் இருந்தது, மக்கள் இலர். 1616 முதல் ஐரோப்பியர் வழியாகப் பரவிய கொள்ளைநோய் அனைவரையும் மாய்த்திருந்தது. அந்த வெற்றூரின் நிலத்திலேதான் பிளிமத் எழுந்தது. மசசோயிற் வந்தேறிகளோடு உடன்படிக்கை செய்தமைக்கும் நோயே பெருங்காரணம். தம் மக்களை இழந்து வலி குன்றியிருந்த அவர், நோயுறாத அயற்குலத்தாரை அஞ்சித் துணை தேடினார். கதையிலே வெறும் அன்பாகக் காட்டப்படுவது, ஆவணங்களை நோக்குவார்க்கு அரசியல் நுண்ணறிவாகத் தோன்றும்.

அங்ஙனமாயின் நன்றியறிதல் நாள் என்பது எங்கிருந்து வந்தது? தூய்மைவாதிகள் எனப்பட்ட அச்சமயத்தார் நத்தாரைக் கொண்டாடிலர். துன்பம் நேர்ந்துழி நோன்பு நாளும் நன்மை நேர்ந்துழி நன்றியறிதல் நாளும் குறித்து, கோயிலிற் கூடி வழிபடுதலே அவர் மரபு. 1623இல் நெடிய வரட்சியின் பின் மழை பெய்தபோது பிளிமத்தார் அத்தகைய நாளொன்றை அனுட்டித்தனர். மழைக்கு மட்டுமன்று, போருக்கும் நன்றி கூறப்பட்டது. 1637இல் பீக்குவோட் குலத்தாரை அழித்த வெற்றிக்காக மசச்சூசெற்ஸ் குடியேற்றம் ஒரு நன்றியறிதல் நாளைக் குறித்தது. 1675இல் மசசோயிற்றின் மைந்தரான மெற்றக்கொம் ஆங்கிலேயரை எதிர்த்துப் போர் தொடங்கினார்; அடுத்த ஆண்டு ஓகஸ்டில் கொல்லப்பட்டார். அவருடைய தலை பிளிமத்துக்குக் கொண்டுவரப்பட்டதும் ஒரு நன்றியறிதல் நாளிலேதான். அத்தலை பல்லாண்டு காலம் அங்கே கழுவில் நின்றது. தந்தை விருந்துண்ட ஊர் அது என்பதை விடைகூறுவோர் மறந்துவிடுகின்றனர்.

யாழ்ப்பாணத்தார்க்கு இம்மரபினர் முற்றும் அயலாரல்லர். 1816 முதல் தெல்லிப்பழையிலும் பின்னர் வட்டுக்கோட்டையிலும் வந்து தங்கிய அமெரிக்க மிசனரிமார் நியூ இங்கிலாந்தின் இச்சபை மரபிலிருந்தே வந்தனர்.

அவர்கள் புறப்பட்ட காலத்தில் அந்நாள் வடகிழக்கு மாகாணங்களின் வழக்கமாகவே இருந்தது. வாஷிங்ரன் 1789 நவம்பர் 26ஆம் நாளைப் புதிய அரசியலமைப்பின் பொருட்டு நன்றியறிதல் நாளாக அறிவித்தார். ஜெபர்சனோ அரசு சமயத்திற் கைவைத்தலாகாது என்று அத்தகைய அறிவித்தலைச் செய்ய மறுத்தார். இதனை நாடு முழுவதற்கும் உரியதாக்கியவர் அரசியலாருள் ஒருவரல்லர். சேரா ஹேல் என்னும் பெண்மணி. மேரியின் ஆட்டுக்குட்டி பற்றி ஆங்கிலப் பள்ளிச் சிறுவர் பாடும் பாட்டை இயற்றியவரும் இவரே. இளம் வயதிற் கணவனை இழந்து, ஐந்து பிள்ளைகளை எழுதியே வளர்த்த இவர், பெண்களுக்குரிய பெருஞ்சஞ்சிகையொன்றின் ஆசிரியராயிருந்து, ஆண்டுக்கணக்கில் ஆளுநர்க்கும் சனாதிபதிகளுக்கும் கடிதம் விடுத்தார். எல்லா மாகாணத்தாரும் ஒரே நாளில் ஒரே மேசையில் அமர்ந்தால் நாடு பிளவுறாது என்பது அவர் நம்பிக்கை. நாடு பிளவுற்றது. போரின் நடுவிலே, 1863 செப்டெம்பரில் அவர் லிங்கனுக்கு எழுதினார். ஒக்டோபர் 3ஆம் நாள் லிங்கன் நவம்பரின் இறுதி வியாழக்கிழமையை நாடு முழுவதற்கும் நன்றியறிதல் நாளாக அறிவித்தார். கெற்றிஸ்பேர்க் களத்திற் பல்லாயிரவர் மடிந்து மூன்று திங்களே கழிந்திருந்தன. போரினால் விதவைகளும் அநாதைகளுமானோரை இறைவன் காக்க வேண்டுமென அவ்வறிவித்தல் வேண்டுகின்றது. பிளிமத்தைப் பற்றியோ பழங்குடிகளைப் பற்றியோ அதில் ஒரு சொல்தானும் இல்லை. விழாவை இன்றைய நிலைக்குக் கொணர்ந்தது 1621இன் விளைச்சலன்று, 1863இன் இழப்பே எனல் தகும்.

இதனைத் தைப்பொங்கல் போன்ற அறுவடைத் திருநாளென்று கூறி அமைவாரும் உளர். நவம்பர் இறுதியில் நியூ இங்கிலாந்தின் வயல்கள் அறுவடை முடிந்து வெறுமையாய்க் கிடக்கும். அயல்நாடாகிய கனடாவில் இப்பெயருடைய நாள் ஒக்டோபரின் இரண்டாம் திங்கட்கிழமையில் வருகின்றது. அறுவடைக்கு அணித்தானது அதுவே.

பிளிமத் விருந்து இவ்விழாவோடு இணைக்கப்பட்டது பிற்காலத்தில். 1841இல் அலெக்சாந்தர் யங் என்பார் வின்சிலோவின் கடிதத்தை மறுபடியும் பதிப்பித்து, அவ்விருந்தே முதல் நன்றியறிதல் என அடிக்குறிப்பிட்டார். ஓர் அடிக்குறிப்பு ஒரு நாட்டின் பள்ளிப்பாடமாயிற்று. அந்நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் திரள்திரளாக வந்து குடியேறினர். அவர்தம் பிள்ளைகளுக்கு அமெரிக்கராதலைக் கற்பிக்க, தாமும் கப்பலேறி வந்தவராகிய யாத்திரிகரின் கதை ஆசிரியர்க்கு மிக வாய்ப்பாயமைந்தது. பழங்குடிகள் அக்கதையில் உணவு கொணர்ந்து, வாழ்த்தி, மறைந்துவிடுவர்.

நாளைக் குறித்தும் ஒரு பூசல் எழுந்தது. 1939இல் பிராங்ளின் ரூஸ்வெல்ற், நத்தார் வியாபாரத்துக்குக் கூடுதலான நாட்கள் வேண்டுமென்ற வணிகரின் வேண்டுகோளுக்கிணங்கி விழாவை ஒரு கிழமை முன் தள்ளினார். மாகாணங்களுட் சில புது நாளையும் சில பழைய நாளையும் கொண்டாடின. இரண்டையும் கொண்டாடியனவும் உள. 1941 டிசெம்பரிற் சட்டத்தால் நான்காம் வியாழன் உறுதிசெய்யப்பட்டது.

1970இல் பிளிமத் குடியேற்றத்தின் 350ஆம் ஆண்டு விழாவிற் பேசுமாறு வம்பனோவாக் குலத்தவரான பிராங்க் ஜேம்ஸ் அழைக்கப்பட்டார். அவர் எழுதிய உரையை முன்னரே படித்த ஏற்பாட்டாளர் அதனை ஏற்றிலர். மாற்றுரையொன்றைப் படிக்க அவர் உடன்பட்டிலர். அவ்வாண்டு நன்றியறிதல் நாளன்று அவரும் அவரைச் சார்ந்தோரும் பிளிமத் துறைமுகத்தை நோக்கிய கோல் குன்றிலே, மசசோயிற்றின் சிலையருகிற் கூடி, அந்நாளைத் தேசிய துக்க நாளாக அறிவித்தனர். அன்றுதொட்டு ஒவ்வோராண்டும் அக்கூட்டம் நடைபெறுகின்றது. அதற்கு வருவோருட் பலர் முதனாள் மாலை தொடங்கி உண்ணாதிருப்பர். கீழேயுள்ள ஊரிலோ அவ்வேளையில் வான்கோழிகள் போறணையில் வெந்துகொண்டிருக்கும்.