வெள்ளம் வடிந்ததும் சுவிட்சைத் தட்ட வேண்டாம்: நனைந்த மின்சாதனங்களை மீட்பது எப்படி?

நவம்பர் முதல் மார்ச் வரை நீடிக்கும் வடகிழக்குப் பருவமழை கிழக்குக்கரை மாநிலங்களுக்குப் பழகிப்போன ஒன்று. ஆனால், வெள்ளம் அங்கு மட்டும்தான் வரும் என்ற எண்ணத்தை 2021 டிசம்பர் பெருமழை மாற்றிவிட்டது. ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடா உள்ளிட்ட பல குடியிருப்புகள் நீரில் மூழ்கின. தண்ணீர் வடிந்தபின் குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம், தொலைக்காட்சி என ஆண்டுக்கணக்கில் தவணை கட்டி வாங்கிய பொருள்கள் தெருவோரம் குவிந்தன.

நனைந்த பொருள் எல்லாமே குப்பைக்குப் போக வேண்டியதில்லை. மின்சாரம் நிறுத்தப்பட்ட நிலையில் நனைந்த சாதனம் பல நேரங்களில் பிழைத்துக்கொள்ளும். 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று ஈரத்தோடு சுவிட்சைப் போடும்போதுதான் அது கருகுகிறது. சில வேளைகளில் சுவிட்சைப் போட்டவரின் உயிருக்கும் அது ஆபத்தாகிறது.

வெள்ளநீர் ஏன் மோசமானது?

தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். வெள்ளநீரில் சேறு, உப்பு, சாக்கடைக் கழிவு எல்லாம் கலந்திருப்பதால் அது மின்சாரத்தை நன்றாகக் கடத்துகிறது. நீர் காய்ந்த பிறகும் சேறும் உப்பும் உள்ளே தங்கிவிடும். அவை காற்றின் ஈரத்தை உறிஞ்சிச் செம்புக் கம்பிகளில் பச்சைக் களிம்பு பிடிக்க வைக்கின்றன. உலர்த்தியதும் நன்றாக ஓடிய சாதனம் சில வாரங்களில் திடீரென நின்றுபோவதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே உலர்த்துவது மட்டும் போதாது. முதலில் கழுவ வேண்டும்.

முதலில் வீடு, பிறகு சாதனம்

தரையில் தண்ணீர் நிற்கும்போது மெயின் சுவிட்சையோ பிளக்கையோ தொடக்கூடாது. மின் விநியோகம் தொடர்பான உதவிக்கு டிஎன்பியின் 15454 எண்ணை அழைக்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 999.

சுவரில் உள்ள பிளக் பாயிண்ட் வரை நீர் ஏறியிருந்தால், எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேன் சோதித்துச் சொல்லும் வரை மின்சாரத்தைத் திறக்கக்கூடாது. மின்கசிவு ஏற்பட்டதும் தானாக விழும் சுவிட்ச் வீட்டில் இருக்கிறதா, சரியாக வேலை செய்கிறதா என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்வது நல்லது. பழைய தோட்ட வீடுகளில் அது இல்லாமலும் இருக்கலாம்.

பொருள்களை நகர்த்துவதற்கு முன் படம் எடுத்து வைக்க வேண்டும். நீர் ஏறிய உயரமும், சாதனத்தின் பின்புறத்தில் உள்ள வரிசை எண்ணும் படத்தில் தெரியட்டும். அடிப்படைத் தீ காப்புறுதி பொதுவாக வெள்ளச் சேதத்தை ஏற்காது. கூடுதல் பாதுகாப்போ, வீட்டுப் பொருள்களுக்கான காப்புறுதியோ எடுத்தவர்கள் இழப்பீடு கேட்க இந்தப் படங்கள் உதவும்.

எதைக் காப்பாற்றலாம்?

மின்விசிறி: மோட்டாரும் சில கம்பிகளும் மட்டுமே உள்ள எளிய சாதனம். கழுவி, உலர்த்தி, எண்ணெய் விட்டால் பெரும்பாலும் மீளும்.

சலவை இயந்திரம்: மோட்டார் அடியில் இருப்பதால் சிறு வெள்ளத்திலும் நனைந்துவிடும். கட்டுப்பாட்டுப் பலகை மேலே இருந்து, நீர் அதை எட்டாமல் இருந்தால் பழுதுபார்ப்பது பயன் தரும்.

குளிர்பதனப் பெட்டி: கம்ப்ரசர் முழுதும் மூடப்பட்டது, அதற்குள் நீர் எளிதில் புகாது. மிதந்து சாய்ந்த பெட்டியை ஒரு நாளாவது நிமிர்த்தி வைத்தால்தான் உள்ளிருக்கும் எண்ணெய் தன் இடத்துக்குத் திரும்பும். சுவர்ப் பஞ்சுக்குள் கழிவுநீர் ஊறியிருந்தால் உணவு வைக்க அந்தப் பெட்டி உதவாது. புதிய பெட்டிகள் பலவற்றில் உள்ள வாயு தீப்பிடிக்கக்கூடியது என்பதால் குழாயில் கை வைக்கவே கூடாது.

தொலைக்காட்சி: திரையின் அடுக்குகளுக்கிடையே நீர் புகுந்தால் கறை போகாது. திரையை மாற்றும் செலவு பல வேளைகளில் புதிய தொலைக்காட்சியின் விலையை நெருங்கிவிடும்.

மைக்ரோவேவ்: வீட்டில் திறக்கவே கூடாத சாதனம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் கெப்பாசிட்டரில் உயிரைப் பறிக்கும் மின்சாரம் தங்கியிருக்கலாம்.

கைத்தொலைபேசி: உடனே அணைத்துவிட்டுச் சார்ஜ் போடாமல் உலர விட வேண்டும். அரிசிக்குள் புதைத்து வைப்பதால் பயனில்லை. அரிசித் தூசிதான் உள்ளே போகும். பேட்டரி உப்பினால் தீப்பிடிக்கலாம் என்பதால் அதை வீட்டுக்குள் வைத்திருக்கக்கூடாது.

எக்ஸ்டென்ஷன் வயர், பிளக் கட்டைகள்: விலை குறைவு, ஆபத்து அதிகம். யோசிக்காமல் மாற்றிவிடலாம்.

கழுவுதல், உலர்த்துதல், சோதித்தல்

பிளக்கைப் பிடுங்கிய சாதனத்தின் வெளிச்சேற்றைச் சுத்தமான குழாய் நீரால் கழுவலாம். உட்பாகங்களைப் பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிடுவதே நல்லது. அவர் மின்பலகையை ஐசோபுரோபில் ஆல்கஹாலும் மென்மையான தூரிகையும் கொண்டு துடைப்பார். அந்தத் திரவமும் எளிதில் தீப்பற்றும். முழுதும் ஆவியாகும் முன் மின்சாரம் கொடுக்கக்கூடாது.

உலர்த்துவதற்கு நிழலும் காற்றும் போதும். சூடான ஹேர் டிரையர் பிளாஸ்டிக்கை வளைத்துவிடும். நம் நாட்டின் ஈரக்காற்றில் ஓரிரு நாள் போதாது. மோட்டார் உள்ள சாதனங்களுக்கு ஒரு வாரமாவது தேவைப்படலாம். வெளியில் காய்ந்ததுபோல் தெரிந்தாலும் கம்பிச் சுருளுக்குள் ஈரம் இருக்கும். காப்பு மின்தடையை அளக்கும் கருவியால் சோதித்துவிட்டு, மின்சாரம் கொடுக்கலாமா என்று தொழில் தெரிந்தவர் சொல்ல வேண்டும். பிறகு ஒரு நேரத்தில் ஒரு சாதனமாக இயக்க வேண்டும். கருகிய வாடை, புதிய இரைச்சல், கை வைத்தால் சுருக்கென்ற உணர்வு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும்.

செலவும் ஏமாற்றமும்

வெள்ளத்துக்குப் பின் பழுதுபார்ப்பவர்களுக்குக் கிராக்கி கூடும். பொருளை ஒப்படைக்கும் முன் செலவு எவ்வளவு, எந்தப் பாகம் மாற்றப்படும், எத்தனை நாள் உத்தரவாதம் என்று எழுதி வாங்குவது நல்லது. புதிய பொருளின் விலையில் பாதியைப் பழுதுச் செலவு தாண்டினால், புதியதை வாங்குவதே மேல்.

வெள்ளத்துக்குப் பிறகு பழைய பொருள் வாங்குபவர்களும் கவனமாக இருக்க வேண்டும். திருகாணி ஓரத்தில் காய்ந்த சேறு, அடித்தகட்டில் துரு, உள்ளே புழுக்க வாடை ஆகியவை அந்தச் சாதனம் நீரில் கிடந்ததற்கான அடையாளங்கள்.

மீட்க முடியாதவற்றை எரிக்கக்கூடாது. செம்புக்காக வயரைக் கொளுத்தும்போது எழும் நச்சுப்புகை முதலில் பாதிப்பது பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைத்தான். அவற்றை மின்னணுக் கழிவு சேகரிப்பு மையங்களில் ஒப்படைக்க வேண்டும்.

அடுத்த மழைக்கு முன்

தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் வீட்டுக்கு வயரிங் செய்யும்போது பிளக் பாயிண்டுகளை உயரத்தில் வைக்கச் சொல்லலாம். சலவை இயந்திரத்தையும் குளிர்பதனப் பெட்டியையும் உறுதியான மேடையில் ஏற்றி வைக்கலாம். வெள்ள எச்சரிக்கை வந்தால், தரை உலர்ந்திருக்கும்போதே பிளக்குகளைப் பிடுங்கி, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வெளியேற வேண்டும். அந்த இரண்டு நிமிட வேலை, பின்னால் பல நூறு வெள்ளியை மிச்சப்படுத்தும்.