எம்ஜிபி காரின் எண்ணெய், நீர்க் கசிவுகள்

எம்ஜிபி, இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை தயாரான ஸ்போர்ட்ஸ் கார். அதன் 1798 சிசி என்ஜின் ‘பி சீரிஸ்’ என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. அம்பாசடரில் நெடுங்காலம் இருந்த 1489 சிசி பெட்ரோல் என்ஜினும் அக்குடும்பத்ததே என்பதால், அதன் கசிவுகளுள் பல இந்திய மெக்கானிக்குகளுக்கும் பழக்கமானவை.

எண்ணெய்க் கசிவுகளுள் தீர்ப்பதற்கு அரியது, கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் ஏற்படுவது. தொடக்ககால மூன்று பேரிங் என்ஜின்களில் அம்முனைக்கு ரப்பர் சீல் கிடையாது. தண்டின் மேல் வெட்டிய திருகுசுழிப் பள்ளமே, தண்டு சுழலும்போது வெளியேற முனையும் எண்ணெயை உள்ளே திருப்பித் தள்ளுகிறது. சுழற்சி நின்றதும் பள்ளத்துக்கு வேலையில்லாமற்போவதால், எஞ்சிய எண்ணெய் கிளட்ச் உறைக்குள் இறங்கி, அதன் அடியில் ஸ்பிளிட் பின் செருகிய துளை வழியே தரையில் சொட்டுகிறது. வடிவமைத்தவர்களே இக்கசிவை எதிர்பார்த்திருந்தனர் என்பதற்கு அத்துளையே சான்று. எனவே கிளட்ச் வழுக்காத வரை, ஓரிரு சொட்டுகளுக்காக என்ஜினை இறக்குவது வீண்செலவு. 1964 இறுதியில் வந்த ஐந்து பேரிங் என்ஜினில் ரப்பர் சீல் இடம்பெற்றது. ஆனால் அதை மாற்றவும் என்ஜினை வெளியே எடுத்தாக வேண்டும்.

கேஸ்கெட்டுகளைக் குறைகூறுமுன் என்ஜினின் மூச்சுவழியைச் சோதிப்பது முறை. பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கும் எரிந்த வாயு, முன்பக்க டேப்பெட் கவரிலிருந்து செல்லும் குழாய் வழியே வெளியேற வேண்டும். அக்குழாயோ கவரினுள் இருக்கும் கம்பிவலையோ கசடால் அடைபட்டால், உள்ளே அழுத்தம் கூடி, நல்ல சீல்களின் வழியாகவும் எண்ணெயைப் பிதுக்கும். இதை அறியாமல் கார்க் கேஸ்கெட்டின் போல்ட்டுகளை மேலும் மேலும் இறுக்குவோர், தகட்டு மூடியை வளைத்து, கசிவை நிரந்தரமாக்கிவிடுகின்றனர். ஓட்டத்தில் காற்று எண்ணெயைப் பின்னோக்கிப் பரப்புவதால் நனைந்த இடம் ஒன்றாகவும் ஊற்று வேறொன்றாகவும் இருக்கும். என்ஜினைக் கழுவி உலர்த்தி, முகப்பவுடர் தூவிச் சிறிது நேரம் ஓட்டினால், பவுடர் முதலில் கறுக்கும் இடம் ஊற்றைக் காட்டிவிடும்.

நீர்க் கசிவைக் கண்டறிவது ஒப்பளவில் எளிது. வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளையிலிருந்து நீர் சொட்டினால் பம்பின் உட்சீல் தேய்ந்துவிட்டது என்று பொருள். அத்துளையை அடைப்பவர், பேரிங்குக்குள் நீரைத் திருப்பிவிடுகிறார். என்ஜின் பிளாக்கை வார்த்தபோது உள்ளிருந்த மணலை அகற்ற விடப்பட்ட துளைகளை மூடும் எஃகு வட்டுகள் (கோர் பிளக்குகள்), துருத்தடுப்பு கலவாத வெறும் நீரை ஊற்றும் கார்களில் உட்புறமாக அரித்து ஓட்டையாகின்றன. சிலிண்டர் ஹெட்டின் பின்பகுதியிலுள்ள ஹீட்டர் வால்வு கசிந்தால், கீழே இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் நனைந்து என்ஜின் தடுமாறவும் கூடும். அதைப் பற்றவைப்புக் கோளாறென்று மயங்கிப் பிளக்குகளை மாற்றுவோர் உண்டு.

வெளியே ஈரமே காணாமல் ரேடியேட்டர் நீர் குறைந்துவந்தால், ஹெட் கேஸ்கெட்டின் மேல் ஐயம் எழுவது இயல்பு. எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் படியும் வெண்ணிறப் பசை மட்டும் இதற்குச் சான்றாகாது. குளிர்காலத்தில் குறுந்தொலைவே ஓடும் காரில் நீராவி குளிர்ந்து எண்ணெயுடன் கலந்தும் அப்பசை உண்டாகும். டிப்ஸ்டிக்கில் ஒட்டும் எண்ணெயும் வெளுத்திருந்தாலோ, ஓடும் என்ஜினின் ரேடியேட்டரில் குமிழிகள் இடைவிடாது எழுந்தாலோதான் ஹெட்டைக் கழற்ற வேண்டும்.