பாய்மரப் படகில் இயந்திரத்தை எங்கே பூட்டுவது?

கடந்த மாதம் ரொறன்ரோவிலிருந்து பழைய நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். ஒன்ராறியோ ஏரியில் ஓட்டுவதற்கென 22 அடி நீளமான பழைய பாய்மரப் படகொன்றை வாங்கியிருக்கிறார். காற்று விழுந்துவிட்டால் கரை திரும்புவதற்கு ஒரு சிறிய வெளியிணைப்பு இயந்திரமும் வாங்கிவிட்டார். அதைப் படகின் எந்தப் பக்கத்தில், எத்தகைய தாங்கியில் பூட்டுவது என்பதில்தான் குழப்பம். "நீ கடற்கரைப் பொடியன்தானே? எங்கடை ஆக்கள் இதை எப்பிடிப் பூட்டினவை?" என்று கேட்டார்.

கேள்வி சிறியது. ஆனால் எங்கள் கரையோரத்தின் அரை நூற்றாண்டு வரலாறு இந்தக் கேள்விக்குள் இருக்கிறது என்பது, அவருக்குப் பதில் சொல்லத் தொடங்கிய பிறகே எனக்குத் தெரிந்தது. அவருக்குச் சொன்னவற்றையும் சொல்லாமல் விட்டவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

வெளியிணைப்பு இயந்திரத்தின் கதை ஏரியிலிருந்துதான் தொடங்குகிறது. நோர்வேயில் 1877 இல் பிறந்து, சிறுவனாக அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்த ஒலே எவின்ரூட் என்பவர் 1909 இல் விற்பனைக்கு விட்ட இயந்திரம் 1½ குதிரைவலு கொண்டது. நிறை 62 இறாத்தல். அவருக்குச் சில ஆண்டுகள் முன்னரே கமரன் வோட்டர்மன் என்ற இன்னொரு அமெரிக்கர் இத்தகைய இயந்திரத்தைச் செய்திருந்தார் எனினும், மக்களிடையே பரவியது எவின்ரூட்டின் வடிவமே. மேலே இயந்திரம், நடுவே செங்குத்தான தண்டு, கீழே தண்ணீருக்குள் பற்சில்லும் விசிறியும். படகில் பிடித்துக்கொள்வதற்கு இரண்டு திருகுப் பிடிகள். நூறாண்டுகளுக்கு மேல் கடந்த பின்னரும் அடிப்படை மாறவில்லை. எவின்ரூட் என்ற பெயரிலான இயந்திரங்களின் உற்பத்திதான் 2020 இல் நிறுத்தப்பட்டது.

அந்தத் திருகுப் பிடிகளுக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருந்தது. படகின் பின்புறம் தட்டையான பலகையாக இருக்கும் என்பதே அது. அமெரிக்க ஏரிகளில் ஓடிய துடுப்புப் படகுகள் அப்படித்தான் இருந்தன. பின்பலகையின் மேல்விளிம்பில் இயந்திரத்தைக் கொளுவி, திருகை இறுக்கினால் வேலை முடிந்தது.

எங்கள் கலங்களுக்குப் பின்பலகையே இல்லை.

யாழ்ப்பாணத்து வள்ளத்தை எடுத்துக்கொள்வோம். ஒற்றைமரத்தைக் குடைந்து, விளிம்பில் பலகை உயர்த்திக் கட்டிய கலம் அது. அந்த மரங்களில் பெரும்பாலானவை மலையாளக் கரையிலிருந்து வந்தவை. தென்னிந்திய, இலங்கைக் கலங்களை ஆராய்ந்த ஜேம்ஸ் ஹோர்னெலும் இதைப் பதிந்திருக்கிறார். முன்னணியமும் பின்னணியமும் கூர். அலை எந்தப் பக்கமிருந்து வந்தாலும் பிளந்துவிடும். வடமராட்சிக் கரையின் கட்டுமரமோ மரங்களைச் சேர்த்துக் கட்டுவது. கரைக்கு வந்ததும் அவிழ்த்து உலர்த்துவது. இதில் திருகுப் பிடி எதைப் பிடிக்கும்?

நீர்கொழும்புப் பக்கத்துப் புறமிதவை வள்ளத்தின் நிலை இன்னும் சுவையானது. சிங்களத்தில் ஒருவ என்பார்கள். அதன் மிதவை எப்போதும் காற்று வீசும் பக்கமாகவே இருக்கவேண்டும். ஆகவே திசை மாற்றும்போது மற்றப் படகுகளைப் போல அது திரும்புவதில்லை. பாயை மறுமுனைக்குக் கொண்டுபோய், சுக்கானையும் மாற்றிவிட்டால், இதுவரை பின்னணியமாக இருந்தது முன்னணியமாகிவிடும். முன் பின் என்ற பேதமே அற்ற கலம். அதன் ஒரு முனையில் ஓர் இயந்திரத்தைப் பூட்டியவுடன், பல நூற்றாண்டுகளாக இல்லாத ஒரு முன்பக்கமும் பின்பக்கமும் அதற்கு வந்துவிட்டன. நீர்கொழும்பில் பாயுடன் கடலேறும் வள்ளங்களை இன்றும் காணலாம். அவை இரு முனையும் ஒன்றாகவே இருக்கின்றன.

1950களின் முற்பகுதியில் ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனத்தின் பொறியியலாளர்கள் இலங்கைக்கு வந்து உள்நாட்டுக் கலங்களில் இயந்திரம் பொருத்திப் பரிசோதித்தனர். 1958 அளவில் அரசாங்கம் 28 அடி நீளமான, 3½ தொன் படகுகளைக் கடனுக்கு வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அவற்றில் டீசல் இயந்திரம் உள்ளேயே இருந்தது. அவை சம்மாட்டிமாருக்குக் கிடைத்தன. ஒரு வள்ளமும் இரண்டு வலையும் வைத்திருந்தவனுக்குக் கிடைக்கக்கூடியதாக இருந்தது வெளியிணைப்பு இயந்திரம்தான். அதற்கான தாங்கியை எந்தப் பொறியியலாளரும் செய்து கொடுக்கவில்லை. ஊர்த் தச்சர்களே செய்தார்கள்.

அவர்கள் கண்டுபிடித்த வழிகள் மூன்று வகையானவை. வள்ளத்தின் குறுக்கே ஒரு வலுவான சட்டத்தைப் போட்டு, அதன் வெளிநீட்டிய முனையில் பலகை அறைந்து பக்கவாட்டில் இயந்திரத்தைத் தொங்கவிடுவது முதலாவது. சுக்கானுக்கு இடைஞ்சல் இல்லை. கையெட்டும் தூரத்தில் இருக்கும். ஆனால் வள்ளம் ஒரு பக்கம் சரியும்போது இயந்திரம் முழுகும். மறுபக்கம் சரிந்தால் விசிறி தண்ணீருக்கு மேலே வந்து வெறுமனே அலறும். அத்துடன் தள்ளும் விசை நடுவில் இல்லாததால் கலம் ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும். இரண்டாவது, கூரான பின்னணியத்துக்கு வெளியே மரத்தாலோ இரும்பாலோ ஒரு கொம்பு வைத்து அதில் பூட்டுவது. மூன்றாவதுதான் துணிச்சலானது. வாளை எடுத்து, தகப்பன் காலத்து வள்ளத்தின் பின்கூரை வெட்டி, அங்கே தட்டைப் பலகை அறைவது.

எங்கள் ஊரில் ஒரு முதியவர் தன் வள்ளத்தை அப்படி வெட்டிய நாளைப் பற்றிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். "தம்பி, வெட்டின அண்டைக்கு மனுசி சமைக்கேல்லை" என்றார். அதற்குமேல் அவர் விளக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வெட்டவேண்டிய தேவையைப் பைபர் கிளாஸ் இல்லாமற் செய்தது. 1960களில் வந்த 17½ அடிப் படகுகள் பிறக்கும்போதே தட்டைப் பின்பலகையுடன் பிறந்தவை, இயந்திரத்துக்காகவே வடிவமைக்கப்பட்டவை. குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் நோர்வேக்குச் சென்று, அங்குள்ளவர்களின் உதவியுடன் உருவாக்கிய சீநோர் நிறுவனம் காரைநகரில் இத்தகைய படகுகளைக் கட்டியது. எவின்ரூட்டும் நோர்வேயில் பிறந்தவர் என்பதை இங்கே நினைத்துக்கொள்கிறேன். தற்செயல்தான், ஆனாலும் குருநகர்க்காரருக்குச் சொன்னால் மகிழ்வார்கள். பின்னர் ஜப்பானிய இயந்திரங்கள் வந்தன. பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடுபவை கரையெங்கும் நிறைந்தன. கடற்றொழில் திணைக்களத்தின் கணக்கில் இயந்திரம் பூட்டிய பாரம்பரியக் கலம், பூட்டாத பாரம்பரியக் கலம் என்று இரண்டு பிரிவுகள் ஏற்பட்டன. பாய் உள்ளதா இல்லையா என்று எவரும் கணக்கெடுக்கவில்லை. பாய்கள் வீட்டுக் கோடிகளில் விறகு மூடப் போயின.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டு, வடக்குக்கு எரிபொருள் தடைசெய்யப்பட்டபோது அந்தப் பாய்களைத் தேடினார்கள். மண்ணெண்ணெய் போத்தலில் அளந்து விற்கப்பட்ட காலம் அது. அப்போதுதான் ஒரு விடயம் தெளிவாயிற்று. கூர்ப் பின்னணியம் கொண்ட பழைய வள்ளங்கள் பாயை ஏற்றியதும் பழையபடி ஓடின. தட்டைப் பலகைப் படகுகள் ஓடவில்லை. காரணம் எளிது. இயந்திரத்தின் வேகத்தில் முன்புறம் எழும்பி ஓடும்போது தட்டைப் பின்புறம் தண்ணீரிலிருந்து விடுபட்டுவிடும். பாயின் மெதுவான ஓட்டத்தில் அதே பலகை தண்ணீருக்குள் அமிழ்ந்து, பின்னால் சுழிகளை இழுத்துக்கொண்டு வரும். அடியில் ஆழமான ஏராவும் இல்லாததால் சோளகத்தில் பக்கவாட்டாக அள்ளுண்டு போகும். "பிளாஸ்ரிக் படகு பாய்க்கு இணங்காது" என்று அந்த முதியவர் சொன்னார். வெட்டிய வள்ளத்தை அவர் அப்போதும் வைத்திருந்தார். அதுவும் இணங்கவில்லை.

கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்தவர்களுக்கு அடுத்ததைச் சொல்லத் தேவையில்லை. தரைவழி மூடப்பட்டிருந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தவர்கள் வெளியே போவதற்கு இருந்த வழி அதுதான். முன்னால் செல்லும் ஒரு படகில் மட்டும் இயந்திரம். அதன் பின்னால் கயிற்றில் கோத்தாற்போல் பல படகுகள். இரவில், விளக்கின்றி. 1993 ஜனவரி 2 ஆம் திகதி அந்த நீரேரியில் கடற்படையினர் நடத்திய தாக்குதலில் பயணிகள் கொல்லப்பட்டனர். அதற்கு முந்தைய ஆண்டு இளம் செய்தியாளனாக நானும் ஒருமுறை அவ்வழியே போனேன். இயந்திரப் படகில் எனக்கு இடம் கிடைத்தது. பின்னால் இழுபடும் படகுகளின் கயிறு இயந்திரம் பூட்டிய பலகையில் கட்டப்படாமல், படகின் நடுவே இருந்த குறுக்குச் சட்டத்தில் கட்டப்பட்டிருந்தது. ஏன் என்று கேட்டேன். ஓட்டி இருட்டில் என்னைப் பார்க்காமலே, "பலகை ரண்டு பக்கத்தாலையும் இழுபட்டால் பிச்சுக்கொண்டு போயிடும்" என்றார். முன்னே தள்ளும் விசையையும் பின்னே இழுக்கும் பாரத்தையும் ஒரே பலகையில் ஏற்றக்கூடாது என்பதை எந்தப் பாடநூலும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிராது.

அக்காலத்தில் இயந்திரத்தின் குதிரைவலுவே ஒரு பாதுகாப்புப் பிரச்சினையாக இருந்தது. எத்தனை குதிரைவலு, எந்த நேரம், எவ்வளவு தூரம் என்ற கட்டுப்பாடுகள் இடத்துக்கு இடம் மாறின. 2002 பெப்ரவரியில் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கையிலேயே மீன்பிடித் தடைகளைப் படிப்படியாகத் தளர்த்துவது பற்றித் தனியான பிரிவு சேர்க்கவேண்டியிருந்தது.

2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின்னர் படகுகள் மழைபோல் வந்தன. நல்லவையும் வந்தன; கடலுக்கு உதவாதவையும் வந்தன. 2005 இல் எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அப்படியொரு படகு கிடைத்தது. இயந்திரத்தை அவர் கடன்பட்டு வாங்கினார். மூன்றாம் மாதம் கரையிலிருந்து சில மைல் தூரத்தில், பின்பலகை உட்புறமாக மடிந்து பிரிந்து, இயந்திரம் கடலுக்குள் போயிற்று. பலகைக்குள் வைத்திருந்த ஒட்டுப்பலகைக்கு மேல் பைபர் சரியாகப் படியவில்லை. மரையாணித் துவாரம் வழியே தண்ணீர் உள்ளே போய் மரம் உக்கிவிட்டது. இயந்திரத்தைப் படகின் சட்டத்தோடு சேர்த்து ஒரு கயிறு கட்டியிருந்தால் அதையாவது மீட்டிருக்கலாம். கட்டவில்லை. இல்லாத இயந்திரத்துக்கு அவர் நான்கு ஆண்டுகள் கடன் கட்டினார்.

இப்போது ரொறன்ரோ நண்பருக்கு வருகிறேன். அவரது படகில் நீர்மட்டத்தில் நீளம் ஏறத்தாழ 16 அடி. பாய்மரப் படகின் உடல், தன் நீர்மட்ட நீளத்துக்கேற்ற ஒரு வேகத்துக்குமேல் எளிதில் போகாது. அடியில் அளந்த நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34 ஆற் பெருக்கினால் அந்த வேகம் வரும். 16 இன் வர்க்கமூலம் 4. ஆகவே மணிக்குச் சுமார் 5½ கடல்மைல். இதற்குப் பெரிய இயந்திரம் பூட்டினால் கூடுதலாகக் கிடைப்பது பின்பாரமும் எண்ணெய்ச் செலவும்தான். நான்கு, ஐந்து குதிரைவலு போதும். அவர் வாங்கியிருந்தது பத்து. மாற்றிவிடும்படி சொன்னேன்.

தண்டின் நீளம் அதைவிட முக்கியம். பொதுவாக 15, 20, 25 அங்குல அளவுகளில் வருகின்றன. பாய்மரப் படகு அலையில் முன்புறம் குனியும்போது பின்புறம் எழும்பும். குட்டைத் தண்டாயின் விசிறி காற்றைத்தான் கடையும். நீளத் தண்டுதான் வேண்டும். நிலையான தாங்கி மலிவு, உறுதி. ஆனால் பாயில் ஓடும்போது விசிறியைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைக்க ஏற்ற இறக்கக்கூடிய தாங்கியே அவருக்கு ஏற்றது. அது தாங்கக்கூடிய நிறையைப் பார்த்து வாங்கவேண்டும். நான்கடிப்பு இயந்திரங்கள் பழைய ஈரடிப்பு இயந்திரங்களைவிடப் பாரமானவை. சுக்கான் நடுவில் இருப்பதால் தாங்கி ஒரு பக்கமாகத்தான் வரும். இரண்டையும் முழுதாகத் திருப்பிப் பார்த்து, விசிறி சுக்கானைத் தொடவில்லை என்று உறுதிசெய்த பிறகே துவாரம் போடவேண்டும். உட்புறத்தில் அகலமான பலகை கொடுத்து, மரையாணியை ஊடுருவ விட்டு இறுக்கவேண்டும். கயிறு கட்ட மறக்கக்கூடாது.

"துவாரம் போடுறதுக்கு முந்தி சுத்தியல் பிடியாலை பலகையைத் தட்டிப் பார்" என்றும் சொன்னேன். கணீரென்று கேட்டால் நல்ல மரம். பொத்தென்று கேட்டால் உள்ளே உக்கல். இது அந்த முதியவரிடம் நான் கற்றது.

சென்ற வாரம் நண்பர் மீண்டும் அழைத்தார். பொத்தென்றுதான் கேட்டதாம். பின்பலகையின் உட்பக்கத்தை வெட்டி, உக்கிய மரத்தைத் தோண்டி எடுத்துக்கொண்டிருக்கிறார். கோடை முடிவதற்குள் வேலை முடியாது போலிருக்கிறது. பத்துக் குதிரைவலுவைக் கொடுத்து ஐந்து வாங்கிய இயந்திரம் வீட்டு வரவேற்பறையில், அவரே செய்த ஒரு மரத் தாங்கியில் தொங்குகிறது என்று, இடையில் தொலைபேசியை வாங்கிப் பேசிய அவர் மனைவி முறையிட்டார்.