பழைய எக்கோஸ்போர்ட் வாங்கப்போறீங்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன்னாடி இதைப் படிங்க!

"ஃபோர்டு வண்டி ப்ரோ... இரும்பு மாதிரி இருக்கும். ரேட்டும் கம்மியா வருது. இன்னைக்கே டோக்கன் போட்டுடு!" இப்படி ஒரு மெசேஜ், கூடவே நாலு போட்டோ. சோழவந்தானில் இருந்து தினமும் மதுரைக்கு வேலைக்குப் போறவர் நீங்கன்னா, இந்த ஆசை உங்களுக்கும் வந்திருக்கும். வீட்டுக்கு முதல் கார். பாதி உங்க சம்பளத்துல மிச்சம் பிடிச்சது, மீதி கொடிக்கால் வெற்றிலை வித்து அப்பா சேர்த்து வெச்சது. அந்தப் பணம் ஒர்க்‌ஷாப்புக்குப் போயிடக் கூடாதுல்ல?

எக்கோஸ்போர்ட் நம்ம தமிழ்நாட்டு வண்டி. 2013 ஜூனில் இந்தியாவில் அறிமுகமாகி, சென்னை பக்கத்துல மறைமலை நகர் ஆலையில் தயாரானது. 4 மீட்டருக்குள் நீளம், 200 மி.மீ கிரவுண்ட் கிளியரன்ஸ். வாய்க்கால் கரை ரோட்டுக்கும் கிராமத்து வேகத்தடைக்கும் ஏத்த உயரம். 2021 செப்டம்பரில், இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. சர்வீஸும் ஸ்பேர் பார்ட்ஸும் தொடரும்னு அப்போதே சொன்னாங்க. ஆனா, புது கார் விற்பனை நின்றதும் ரீசேல் விலை இறங்கிடுச்சு. உங்களுக்கு வந்த 'கம்மி ரேட்'டுக்குக் காரணம் இதுதான்.

எந்த இன்ஜின்னு முதல்ல கேளுங்க

எக்கோஸ்போர்ட்னு பொதுவா சொன்னாலும், உள்ளே இருக்கிற இன்ஜினும் கியர்பாக்ஸும் வேற வேற. பிரச்னைகளும் வேற வேற.

1.5 டீசல்: செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டில் அதிகம் தேடப்படுவது. நல்ல மைலேஜ், நல்ல இழுவை. கவனிக்க வேண்டியது டைமிங் பெல்ட். ஓடும்போது பெல்ட் அறுந்தா வால்வும் பிஸ்டனும் மோதி, இன்ஜினையே பிரிக்க வேண்டிவரும். மேனுவலில் சொன்ன கி.மீ அல்லது வருஷம், எது முதலில் வருதோ அதுக்குள்ள மாத்தியாகணும். "மாத்தியாச்சுண்ணே" என்ற வார்த்தை போதாது, பில் வேணும். 2020-க்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசலில், புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப் ஃபில்டர் இருக்கு. வீட்டுக்கும் கடைவீதிக்கும் மட்டும் ஓட்டினா அது அடைச்சுக்கும். அப்பப்போ வாடிப்பட்டி பக்கம் ஏறி, திண்டுக்கல் நான்கு வழிச்சாலையில் சீரான வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டினா கரி எரிஞ்சு சுத்தமாகும்.

1.0 எக்கோபூஸ்ட் பெட்ரோல்: 999 சிசி, மூணு சிலிண்டர், டர்போ. ஓட்ட ஜாலியான வண்டி. ஆனா, இதில் டைமிங் பெல்ட் இன்ஜின் ஆயிலிலேயே நனைஞ்சபடி சுத்தும். தப்பான ஆயில் ஊத்தினாலோ, ஆயில் மாத்தாம இழுத்தாலோ பெல்ட் உரிஞ்சு, அந்தத் துணுக்குகள் ஆயில் போகும் வழியை அடைக்கும். ஆயில் பிரஷர் குறைஞ்சா இன்ஜின் காலி. 2023 டிசம்பரில் அமெரிக்காவில் எக்கோஸ்போர்ட், ஃபோகஸ் என இரண்டும் சேர்த்து சுமார் 1.4 லட்சம் 1.0 லிட்டர் கார்களை ஃபோர்டு ரீகால் செய்தது. ஆயில் பம்ப் பெல்ட்டின் டென்ஷனர் உடையலாம் என்பதுதான் காரணம். அது அமெரிக்க கார்களுக்கான அறிவிப்பு. ஆனாலும் இந்த இன்ஜினுக்கு ஆயில் எவ்வளவு முக்கியம்னு புரிஞ்சுக்க அது போதும். கூலன்ட் அளவையும் இன்ஜின் ஆறின பிறகு பாருங்க. குறைவா இருந்தா, எங்கே கசியுதுன்னு தெரியாம வாங்காதீங்க.

1.5 பெட்ரோல்: 2017 வரை நாலு சிலிண்டர். 2017 நவம்பரில் வந்த ஃபேஸ்லிஃப்ட்டில் மூணு சிலிண்டர். புதுசுல பவர் அதிகம், ஆனா இங்கேயும் ஆயிலில் நனையும் பெல்ட்தான். கம்பெனி சொன்ன கிரேடு ஆயிலைத் தவிர வேற ஊத்தக் கூடாது.

ஆட்டோமேட்டிக்கா? உஷார்!

2017 ஃபேஸ்லிஃப்ட்டுக்கு முந்தைய ஆட்டோமேட்டிக்கில் இருந்தது பவர்ஷிஃப்ட் என்ற டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ். மெதுவா ஊர்ந்து போகும்போது நடுக்கம், திடீர்னு இழுவை குறைவது எனப் பல நாடுகளில் புகார் வந்தது. இந்த கியர்பாக்ஸ் இருந்த ஃபியஸ்டா, ஃபோகஸ், எக்கோஸ்போர்ட் வாடிக்கையாளர்களின் புகார்களைக் கையாண்ட விதத்துக்காக, 2018-ல் ஆஸ்திரேலிய ஃபெடரல் நீதிமன்றம் அங்குள்ள ஃபோர்டு நிறுவனத்துக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. ஃபேஸ்லிஃப்ட்டுக்குப் பிறகு வந்தது வழக்கமான டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக். ஆட்டோமேட்டிக்தான் வேணும்னா அதைத் தேடுங்க. பழசுதான் கிடைக்குதுன்னா, காளவாசல் டிராஃபிக்கில் அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்காம முடிவெடுக்காதீங்க.

ஓட்டிப் பார்க்கும்போது

* முதல் ஸ்டார்ட்டை ஓனர் போட விடாதீங்க. இன்ஜின் சில்லுன்னு இருக்கும்போது நீங்களே போடுங்க. சத்தமும் புகையும் உண்மையைச் சொல்லும்.
* ஸ்டெப்னி பின்கதவுல தொங்குது. அந்த எடையில கதவு கீல் தளர்ந்திருக்கலாம். திறந்து, லேசா தூக்கிப் பாருங்க.
* வேகத்தடையில ஏறி இறங்கும்போது 'டக் டக்'னு கேட்டா, சஸ்பென்ஷன் புஷ், லிங்க் ராடு செலவு காத்திருக்கு.
* பானட்டைத் திறந்து ஒயரிங்கைப் பாருங்க. வயல் ஓரம் நிறுத்தும் வண்டிக்கு எலிதான் முதல் எதிரி.
* 2013, 2014 வண்டின்னா ரீகால் வேலை முடிஞ்சதான்னு சேஸிஸ் நம்பர் கொடுத்து சர்வீஸ் சென்டர்ல கேளுங்க. ஏர்பேக் தொடர்பா 2014-ல் 20,000-க்கும் மேற்பட்ட எக்கோஸ்போர்ட்கள் திரும்ப அழைக்கப்பட்டன. இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

மாசம் எவ்வளவு ஆகும்?

சோழவந்தான் - மதுரை போய்வர 50 கி.மீ, மாசம் 25 நாள்னு வெச்சா 1,250 கி.மீ. பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 13 கி.மீ கொடுத்தா 96 லிட்டர். லிட்டர் 100 ரூபாய்னா 9,600 ரூபாய். டீசல் 17 கி.மீ கொடுத்தா 74 லிட்டர். லிட்டர் 93 ரூபாய்னா சுமார் 6,900. வருஷத்துக்கு 32,000 ரூபாய் வித்தியாசம். தினமும் ஓட்டினா டீசல் லாபம். வாரத்துக்கு ஒருமுறை கோயில், கல்யாணம்னு மட்டும் எடுத்தா, பெட்ரோல் மேனுவல்தான் நிம்மதி.

இன்ஷூரன்ஸில் 2022 ஜூனில் நிர்ணயித்த தேர்டு பார்ட்டி கட்டணப்படி 1,000 சிசி வரை 2,094 ரூபாய், 1,500 சிசி வரை 3,416 ரூபாய், ஜி.எஸ்.டி தனி. 15 வருஷம் முடிஞ்சதும் எஃப்.சி எடுத்து ஆர்.சி-யைப் புதுப்பிக்கணும். 2022 ஏப்ரல் முதல் அதுக்கு மத்திய அரசுக் கட்டணம் காருக்கு 5,000 ரூபாய். 2013 வண்டிக்கு அந்த நாள் 2028-லேயே வந்துடும். பேரம் பேசும்போது இதையும் சொல்லுங்க. டெல்லியில் கொண்டுவந்த 10 வருஷ டீசல் தடை இங்கே இல்லை.

அப்போ வாங்கலாமா?

சர்வீஸ் பில்கள் வரிசையா இருக்கும் டீசல் மேனுவல் அல்லது 1.5 பெட்ரோல் மேனுவல் கிடைச்சா, தாராளமா வாங்கலாம். கையில 5 லட்சம் இருந்தா வண்டிக்கு நாலே கால் லட்சத்தைத் தாண்டாதீங்க. மிச்சம் பெல்ட், டயர், பேட்டரிக்கு. நம்பிக்கையான மெக்கானிக் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போய், ஸ்கேனர் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்க. அதுக்கு ஓனர் தயங்கினா, "யோசிச்சுச் சொல்றேண்ணே"ன்னு கிளம்பி வந்துடுங்க. ஃபோர்டு லட்சக்கணக்கில் வித்த மாடல் இது. அடுத்த வாரமே இன்னொண்ணு வரும்.