ஏடும் மின்படியும்

காவிரி பாயும் தஞ்சைத் தரணியில் நூலைக் காத்தல் என்பது பன்னெடுங்காலம் நூலைப் படியெடுத்தலாகவே இருந்தது. பனையோலை ஈரத்துக்கும் பூச்சிக்கும் இரையாவது. ஆதலின் நைந்த ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதி வைத்தனர். நாயக்கர் காலத்தில் தோன்றி, இரண்டாம் சரபோசி மன்னர் (1798–1832) காலத்தில் பெருகி, 1918-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட சரசுவதி மகால் நூலகம், அத்தகைய படியெடுப்போர் உழைப்பின் கருவூலம் எனலாம்.

படியெடுப்போர் கை பிழைப்பதும் உண்டு. பழஞ்சுவடிகளில் மெய்யெழுத்துப் புள்ளி பெறுவது அரிது; எகர ஏகார வேறுபாடு தோன்றாது; துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே நிற்கும். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராய் இருந்த உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை வெளியிடுமுன் பல ஏடுகளை ஒப்புநோக்க நேர்ந்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இன்று படியெடுப்பவை ஸ்கேனரும் காமிராவும். இயந்திரம் பிழை செய்யாது என்று கருதுவாரும் உளர். ஆயின், கருவியை இயக்குமுன் மனிதன் தேரும் அளவுகளே எது எஞ்சும், எது மறையும் என்பதை முடிவு செய்கின்றன.

வெறும் கறுப்பு வெள்ளையில் பதிவு செய்தால் ஒவ்வொரு புள்ளியும் எழுத்தாகவோ வெற்றிடமாகவோ ஆகிவிடும். பூச்சி அரித்த துளை மெய்ப்புள்ளியாகத் தோன்றக்கூடும்; மை மங்கிய கீற்று அடியோடு மறையும். வண்ணத்தில் எடுத்தால் துளை துளையாகவும் கறை கறையாகவும் தெரியும். மசி பூசாத ஏட்டுக்கு நேர்வெளிச்சம் உதவாது; பக்கவாட்டில் ஒளி விழுந்தால்தான் எழுத்தாணி கீறிய தடம் நிழலிட்டுப் புலப்படும். மராட்டியர் கால மோடி ஆவணங்கள் போன்ற கைத்தாள்களில் மறுபக்க மை ஊறித் தெரிவதுண்டு. அதனையும் வண்ணமே பிரித்துக் காட்டும். வெளிறிய பழைய புகைப்படத்தைக் கருவி தானாகவே பளிச்சிடச் செய்தால், முகத்தின் மென்னிழல்கள் அழிந்துபோகும்.

அங்குலத்துக்கு 300 புள்ளிகள் அச்சுத்தாளுக்குப் பெரும்பாலும் போதும். நுண்ணெழுத்து ஏட்டுக்கு 600 வேண்டும். ஏ4 அளவுத் தாள் ஒன்று, சுருக்காத வண்ணக்கோப்பாக, 300-இல் ஏறத்தாழ 26 மெகாபைட். 600-இல் அதன் நான்கு மடங்கு. இச்சுமைக்கு அஞ்சி மூலப்படியையே சுருக்கிவிடுதல் விதைநெல்லைக் குத்தி உண்பதற்கு ஒப்பாகும். சுருக்காத டிஃப் கோப்பை மூலமாகக் காத்து, வாசிப்புக்கு அதிலிருந்து சிறிய ஜேபெக் படி எடுத்துக்கொள்ளலாம். பெரியதிலிருந்து சிறியது பிறக்கும். சிறியதிலிருந்து இழந்தது மீளாது.

ஓலை ஒருநாள் பொடியாகும். அதன்பின் பாடம் தேரும் புலவனுக்கு எஞ்சுவது படம் ஒன்றே. கறை எது, எழுத்து எது என்று ஆராயும் உரிமை அவனுக்குரியது. அதனைக் கருவியிடம் விட்டுவிடலாகாது.