புனித தேவசகாயம்: நீங்கிய பட்டமும் நீங்காத சாதியும்

திருவிதாங்கூரின் நட்டாலத்தில் 1712ஆம் ஆண்டு நீலகண்டனாகப் பிறந்தவர் தேவசகாயம். அரசுப் பணியிலிருந்த இவர், 1741ஆம் ஆண்டுக் குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்னர் மார்த்தாண்டவர்மரின் படைத்தலைவராக உயர்ந்த, டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய் வழியாகக் கிறித்தவத்தை அறிந்தார். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். விவிலியப் பெயரான லாசர் என்பதன் தமிழாக்கமே 'தேவசகாயம்'.

சாதி வேறுபாடு பாராது பழகிய அவர் 1749இல் கைதானார், 14.1.1752 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். தண்டனைக்குக் காரணம் மதமாற்றமன்று, அரசுப்பணிக் குற்றமே என வாதிடுவோரும் உளர். திருச்சபையோ அவரை மறைசாட்சியாக ஏற்று, 15.5.2022 அன்று புனிதராக அறிவித்தது. இந்தியப் பொதுநிலையினருள் இந்நிலையை எய்திய முதல்வர் இவரே.

ஆயினும், அவர் திருமுழுக்குப் பெற்ற அதே ஊரில், பின்னாளில் எழுந்த ஆலயத்தினுள் சாதியினரைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. அவர் பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை' என்னும் சாதிப் பட்டமும், எதிர்ப்பு எழுந்த பின்னரே, புனிதர் பட்டமளிப்புக்கு முன் வத்திக்கானால் நீக்கப்பட்டது.

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரத் தமிழ்க் கத்தோலிக்கரின் முன்னோர் விசுவாசத்தோடு சாதியையும் கப்பலேற்றி வந்தனர். திருப்பலியில் ஒரே வரிசையில் நிற்கும் நம்மவர், பெண் பார்க்கும்போது மட்டும் பூர்வீக ஊரை விசாரிப்பது ஏன்? தேவசகாயத்தை வணங்குவது எளிது. அவர் துறந்ததைத் துறப்பதே விசுவாசத்தின் சோதனை எனலாம்.